பாலிமர் வரும் கிணற்றில் பம்ப் நீடித்து ஓட: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலிமர் பாய்ச்சும் எண்ணெய் வயலில் வேலைக்குச் சேர்ந்ததும் எதிரே வந்து நிற்கும் கேள்வி இது: இரண்டு மூன்று ஆண்டு சளைக்காமல் ஓடிய அதே மாடல் பம்ப், அதே கிணற்றில், இப்போது ஏன் சில மாதங்களில் நின்றுபோகிறது? சப்ளையரைக் குறை சொல்வது எளிது. வேறு பிராண்டு வாங்கி இறக்குவதும் எளிது. ஆனால் பெரும்பாலான கிணறுகளில் பம்ப் மாறவில்லை. அதற்குள் வரும் நீர்தான் மாறியிருக்கிறது. அந்த நீரைத் தெரிந்துகொள்ளாமல் பம்பை மட்டும் மாற்றினால், அடுத்ததும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

முதலில் சுருக்கமாகப் பின்னணி. வயல் முதிர்ந்ததும், பாறைக்குள் செலுத்தும் வெறும் நீர் எண்ணெயை ஒதுக்கிவிட்டு எளிதான வழியில் ஓடி, உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும். நீரைக் கெட்டியாக்கினால் அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். கெட்டியாக்கப் பயன்படுவது எச்.பி.ஏ.எம். எனப்படும் பாலிஅக்ரிலமைடு வகைப் பாலிமர். மூலக்கூறு எடை பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு கோடி டால்டன்; நீரில் 1000 முதல் 2500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை கலப்பார்கள். சீனாவின் டாச்சிங் வயலில் 1996 முதல் தொழில் அளவில் இதைச் செய்கிறார்கள். ஓமனின் மர்முல், கனடாவின் பெலிக்கன் லேக், ராஜஸ்தானின் பார்மர் பகுதியில் உள்ள மங்களா ஆகியவையும் பெயர்பெற்ற வயல்கள். மங்களா 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009-இல் உற்பத்திக்கு வந்தது. பாறை வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸை ஒட்டியது. எண்ணெயோ மெழுகு மிகுந்தது, குளிர்ந்தால் உறைந்துவிடும். வெப்பம், மெழுகு, பாலிமர் மூன்றும் ஒரே கிணற்றில் சந்திப்பதால், பம்ப் சிக்கல்களைப் படிக்க இதைவிடக் கடினமான பாடம் கிடைப்பது அரிது.

முதல் படி: நீரைப் பிடித்துச் சோதியுங்கள்

செலுத்திய பாலிமர் உற்பத்திக் கிணற்றுக்கு வந்து சேர மாதங்களும் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். வரத் தொடங்கிய நாளைத் தவறவிடக் கூடாது. நீரில் பாலிமர் செறிவு ஏறிவரும் காலத்தில் ஒவ்வொரு கிணற்றிலும் 15 நாளுக்கு ஒருமுறையும், நிலைபெற்ற பிறகு மாதம் ஒருமுறையும் மாதிரி எடுங்கள்.

மாதிரி எடுக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஊசி வால்வை அரைகுறையாகத் திறந்து பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் இரண்டு கேடுகள் நேரும். குறுகிய வழியில் பீய்ச்சும்போது பாலிமர் சங்கிலிகள் அறுந்துவிடும். காற்றின் ஆக்சிஜன் நீரில் உள்ள இரும்போடு சேர்ந்து மிச்சத்தையும் சிதைக்கும். ஆய்வகத்தில் பாகுநிலை, அதாவது நீரின் கெட்டித்தன்மை, குறைவாகத் தெரியும். "இந்தக் கிணற்றில் பாலிமர் இல்லை" என்று அறிக்கை வந்துவிடும். முழுத்துளை பால் வால்வில் இரு முனையும் மூடும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருளையைப் பொருத்துங்கள். அதன் கொள்ளளவைப்போல் மூன்று மடங்காவது ஓடவிட்டு, பிறகு கடைமுனையை முதலில் மூடுங்கள். பாகுநிலையைக் காற்றுப் படாமல் அளக்க வேண்டும். புரூக்ஃபீல்டு பாகுநிலைமானியில், மெல்லிய திரவங்களுக்கான யு.எல். அடாப்டரை 6 ஆர்பிஎம்மில் சுழற்றினால், வெட்டுவீதம் (திரவ அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும் வேகம்) நொடிக்கு 7.3 ஆக இருக்கும். வயலுக்கு வயல் ஒப்பிட இதுவே வழக்கமான அளவு. பாலிமர் செறிவோடு கால்சியம், மக்னீசியம், இரும்பு, பிஎச் நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். இவை இல்லாத அறிக்கையை வைத்துப் பம்ப் தேர்வு செய்ய முடியாது.

இன்னொரு சோதனை இருக்கிறது. செலவு குறைவு, பயன் அதிகம். எண்ணெய் நீக்கி வடிகட்டிய நீரை, மூடிய கண்ணாடிக் குழாயில் வைத்து எண்ணெய்க் குளியலில் 5 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். எந்த வெப்பநிலையில் நீர் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குளிரவிடுங்கள். மங்கல் மறைந்தால் அது பாலிமரின் வேலை. மறையாமல் நின்று, ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நுரைத்துத் தெளிந்தால் அது கார்பனேட் உப்பு. இங்கே கிடைக்கும் எண்தான் அடுத்து வரும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படை.

இரண்டாம் படி: படிவு ஏன், எங்கே உண்டாகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பாலிமர் மட்டும் இருந்தால் அது வெறும் வழவழப்பான நீர். பம்புக்குப் பெரிய தொல்லை கிடையாது. சூடும் கால்சியமும் சேரும்போதுதான் கதை மாறுகிறது. பாறைக்குள் 60 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் கிடக்கும் பாலிமரின் அமைடு தொகுதிகள் மெல்ல மெல்லக் கார்பாக்சிலேட்டாக மாறுகின்றன. அது கூடக்கூட, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு நீரை விட்டுப் பிரியும் குணமும் கூடுகிறது. சூடு ஏறினால் இன்னும் வேகமாகப் பிரியும். ஆகவே கிணற்றிலேயே சூடான உலோகம் எதுவோ, அதன் மேல்தான் முதலில் ஒட்டும். பாத்திரத்தில் பால் அடிபிடிப்பதைப்போல.

மோட்டாரோடு சேர்ந்தே கிணற்றுக்குள் இறங்கும் மின்மூழ்கி பம்பில், அதாவது இ.எஸ்.பி.யில், மிகச் சூடான இடம் மோட்டாரின் மேல்தோல். மேற்பரப்பில் ஹீட்டர் குழாய்களும் வெப்பப் பரிமாற்றிகளும் இதே காரணத்தால்தான் அடைபடுகின்றன. ஒட்டிய படலத்தில் மெழுகு, நுண்மணல், இரும்பு சல்ஃபைடு எல்லாம் வந்து சேரும். வெளியே எடுத்த மோட்டாரைச் சுரண்டினால் ரப்பர்போல இழுபடும் அடுக்கும், அதனடியில் உலோகத்தை ஒட்டிக் கருகிப்போன கடின அடுக்குமாகச் சேர்ந்து வருவதைப் பார்க்கலாம். அந்தக் கருகிய அடுக்கை எறியாமல் பாட்டிலில் போட்டு வையுங்கள்.

மூன்றாம் படி: இ.எஸ்.பி.யின் வெப்பக் கணக்கைப் போடுங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். மோட்டாரைக் கடந்து நீர் நொடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் போனால் குளிர்ச்சி போதும் என்பது பழைய விதி. 7 அங்குலக் கேசிங்கின் (கிணற்றுச் சுவராக இறக்கிய இரும்புக் குழாய்) உள்விட்டம் 159.4 மி.மீ. (அடிக்கு 26 பவுண்டு ரகம்). அதற்குள் 5.62 அங்குல மோட்டார் இருந்தால், இடைவெளிப் பரப்பு சுமார் 0.004 சதுர மீட்டர். நாளுக்கு ஏறத்தாழ 103 கன மீட்டர், அதாவது 650 பீப்பாய் ஓடினாலே அந்த வேகம் கிடைத்துவிடும். அதே மோட்டாரை 9⅝ அங்குலக் கேசிங்கில் (47 பவுண்டு ரகம், உள்விட்டம் 220.5 மி.மீ.) இறக்கினால் 575 கன மீட்டர், சுமார் 3600 பீப்பாய் தேவை. இவ்வளவு தராத கிணற்றில் மோட்டாரைச் சுற்றி ஷ்ரௌட் (நீரை மோட்டாரை ஒட்டி ஓடவைக்கும் உறை) இல்லாமல் இறக்கக் கூடாது.

ஆனால் அந்த விதி வெறும் நீருக்கு எழுதப்பட்டது. 7 அங்குல உதாரணத்தில் இடைவெளியின் நீரியல் விட்டம், அதாவது இரு விட்டங்களின் வித்தியாசம், 16.7 மி.மீ. பாகுநிலை 1 சென்டிபாய்ஸ் என்றால் ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் கொந்தளிக்குமா, அமைதியாக நழுவுமா என்று காட்டும் எண்) 5000. ஓட்டம் கொந்தளித்து, வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். பாலிமரால் பாகுநிலை 5 ஆனால் எண் 1000-க்கு இறங்கி, ஓட்டம் அடுக்கடுக்காக நழுவத் தொடங்கும். வேகம் மாறவில்லை, வெப்பம் எடுக்கும் திறன் போய்விட்டது. வேகத்தை இரு மடங்காக்கினாலும் எண் 2000-தான். கொந்தளிப்பு இருக்கும் இடத்திலும் பாலிமர் அதைத் தணித்து, வெப்பமாற்றத்தைக் குறைத்துவிடும்.

ஆகவே குளிரவைப்பதைவிட, சூட்டைக் கிளம்புமிடத்திலேயே குறைப்பது நல்லது. மோட்டார் 100 கிலோவாட் வாங்கி 85 சதவீதத் திறனில் ஓடினால் 15 கிலோவாட் வெப்பம் தோல் வழியே போயாக வேண்டும். 5.62 அங்குல விட்டமும் 6 மீட்டர் நீளமும் உள்ள மோட்டாரில் இது சதுர மீட்டருக்குச் சுமார் 5.6 கிலோவாட். அதே விட்டத்தில் இரு மடங்கு நீள மோட்டாரை, அதே வேலைக்குப் பாதிச் சுமையில் ஓட்டினால் அந்த அடர்த்தி பாதியாகிவிடும். எங்கள் பரிந்துரை: பாலிமர் கிணற்றில் பெயர்ப்பலகைத் திறனில் 60 முதல் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். நிரந்தரக் காந்த மோட்டார் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் திறன் அதிகம், வெப்பம் குறைவு. முதல் படியில் குறித்த மங்கல் வெப்பநிலைக்குக் கீழே தோலின் வெப்பநிலை நிற்க வேண்டும் என்பதே இலக்கு.

ஷ்ரௌட் விஷயத்தில் எச்சரிக்கை. மிகக் குறுகலான ஷ்ரௌட் வேகத்தைக் கூட்டும். ஆனால் சில மி.மீ. படிவு சேர்ந்தாலே வழி அடைபட்டு மோட்டார் எரிந்துவிடும். வேகத்துக்காக இடைவெளியை முழுக்க விட்டுக்கொடுக்க வேண்டாம். பம்ப் ஸ்டேஜ்களிலும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுழல்விசிறித் தொகுதிகள்) வழி அகன்ற மிக்ஸ்டு ஃபுளோ வகையைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: சென்சாரைத் தினமும் படியுங்கள்

அடியில் சென்சார் இல்லாத இ.எஸ்.பி.யைப் பாலிமர் கிணற்றில் இறக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். உள்வாங்கும் அழுத்தம், வெளியேற்றும் அழுத்தம், மோட்டார் வெப்பநிலை, அதிர்வு, ஆம்ப் ஆகியவற்றை ஒரே வரைபடத்தில் போட்டுக் குறைந்தது 30 நாள் போக்கைப் பாருங்கள்.

ஆம்ப் மாறவில்லை, உற்பத்தி மாறவில்லை, மோட்டார் வெப்பநிலை மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறுகிறது என்றால் தோலில் படிவு சேர்கிறது. உள்வாங்கும் அழுத்தம் ஏற, வெளியேற்றும் அழுத்தமும் ஆம்பும் இறங்கினால் ஸ்டேஜ் அல்லது இன்டேக் (நீர் புகும் வாய்) அடைபடுகிறது. ஆம்பும் அதிர்வும் சேர்ந்து ஏறினால் சுழலும் பாகங்களை ஏதோ பிடிக்கிறது. மணலாகவும் இருக்கலாம், கடினப் படிவாகவும் இருக்கலாம்.

முதல் அறிகுறி தெரிந்ததுமே வி.எஃப்.டி.யில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) அதிர்வெண்ணைக் குறையுங்கள். 50-இலிருந்து 45 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் தேவைப்படும் திறன் 73 சதவீதமாகக் குறையும். உயர்த்தும் அழுத்தமும் 81 சதவீதமாகும் என்பதால், கிணறு தொடர்ந்து ஓடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பம்ப் தானாக நின்றுவிட்டால் உடனே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். டியூபிங்கில் (எண்ணெய் மேலே வரும் உள்குழாய்) உள்ள திரவம் கீழே இறங்கும்போது பம்ப் பின்னோக்கிச் சுழலும். கெட்டியான நீர் மெதுவாகத்தான் இறங்கும். சுழற்சி நின்றதை உறுதி செய்த பிறகே தொடங்க வேண்டும். ஷாஃப்ட் இறுகியிருந்தால், வி.எஃப்.டி.யில் முன்னும் பின்னும் ஆட்டித் தொடங்கலாம். ஆனால் டார்க் (முறுக்குவிசை) வரம்பை ஷாஃப்டின் தாங்குதிறனுக்குக் கீழே பூட்டிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: ராட் பம்ப் என்றால் கீழிறங்கும் ஸ்ட்ரோக்கைக் கவனியுங்கள்

ராட் பம்பில், மேலிருந்து நீண்ட இரும்புக் கம்பி (ராட்) ஏறி இறங்கி, அடியில் உள்ள பிளஞ்சரை (பிஸ்டன்) இயக்கும். டாச்சிங்கில் பாலிமர் வந்த பிறகு பெரிய தலைவலியாக மாறியது ராடும் டியூபிங்கும் ஒருபக்கமாக உராய்ந்து தேய்வது. கெட்டியான நீர் ராடின் இறக்கத்தைத் தடுக்கிறது. பிளஞ்சரில் உள்ள டிராவலிங் வால்வு வழியாகப் போகும்போது கூடுதல் அழுத்தம் எடுக்கிறது. அதோடு, பாலிமர் நீருக்கு மீள்தன்மையும் உண்டு. ராட் நடுவில் இல்லாவிட்டால் அதை மேலும் சுவர்ப்பக்கம் தள்ளும் என்று டாச்சிங் பொறியாளர்கள் விளக்குகிறார்கள். ஒரு பார் கூடுதல் அழுத்தம் 2¼ அங்குல பிளஞ்சர் மீது சுமார் 26 கிலோ விசையாகும். ராடின் அடிப்பகுதி நீண்டு மெலிந்தது. இவ்வளவு சின்ன விசைக்கே வளைந்து டியூபிங்கில் சாய்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை வரிசையாக: பிளஞ்சருக்கு மேலே சிங்கர் பார் (கனமான இரும்புத் தண்டு) போடுங்கள். 1½ அங்குலப் பார், நீரில் மிதப்பு போக மீட்டருக்குச் சுமார் 7.8 கிலோ; 7.62 மீட்டர் நீளத்தில் ஐந்து போட்டால் கிட்டத்தட்ட 300 கிலோ கீழ்நோக்கி இழுக்கும். அதற்கு மேலுள்ள ராடுகளில் வளைவான பகுதிக்கு ராடுக்கு நான்கு முதல் ஆறு கைடு (ராடைச் சுவரில் உரசாமல் பிடிக்கும் வளையம்). டியூபிங்கை அசையாமல் பிடிக்கும் ஆங்கரும், ராடைச் சுழற்றித் தேய்மானத்தைப் பரப்பும் ரொட்டேட்டரும் கட்டாயம். பெரிய வாயுள்ள வால்வுக் கூண்டு போட்டால் அழுத்த இழப்பு குறையும்.

பிறகு வேகத்தைக் குறையுங்கள். 1¾ அங்குல பிளஞ்சருக்குப் பதில் 2¼ போட்டால் பரப்பு 1.65 மடங்கு. நிமிடத்துக்கு 8 ஸ்ட்ரோக்கில் கிடைத்தது 5-க்கும் குறைவான ஸ்ட்ரோக்கில் கிடைத்துவிடும். ஏறும்போது தாங்க வேண்டிய திரவச் சுமையும் அதே 1.65 மடங்காகும். கியர்பாக்ஸும் ராடும் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றினால், தேய்மானத்துக்குப் பதில் ராட் முறிவில் வந்து நிற்கும்.

பிளஞ்சருக்கும் பம்ப் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளியையும் சற்றுத் தளர்த்தலாம். கசிவு, இடைவெளியின் 1.52 அடுக்கில் ஏறும். பாகுநிலைக்குத் தலைகீழாக இறங்கும் என்பது வழக்கமான சூத்திரம். இடைவெளியை இரட்டித்தால் கசிவு 2.9 மடங்கு, பாகுநிலை 5 மடங்கானால் அது ஈடாகிவிடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்தக் குறுகிய இடுக்கில் வெட்டுவீதம் மிக அதிகம், பாலிமர் நீர் அங்கே இளகி, பாகுநிலை இறங்கிவிடும். ஆய்வகத்தின் 7.3 வெட்டுவீதப் பாகுநிலையை அப்படியே சூத்திரத்தில் போட்டால் கசிவைக் குறைவாக மதிப்பிட்டுவிடுவீர்கள். உயர் வெட்டுவீத அளவைக் கேட்டு வாங்குங்கள்.

டைனமோமீட்டர் அட்டையில் (ராடின் சுமையைக் காட்டும் வரைபடம்), இறங்கும்போது பாலிஷ்டு ராடின் (ராடின் மேல்முனைத் தண்டு) சுமை சுழியை நெருங்கினால், அதைத் தூக்கிப் பிடிக்கும் கேரியர் பார், ராடில் உள்ள கிளாம்பை விட்டுப் பிரியப்போகிறது என்று பொருள். அன்றே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

பி.சி.பி.யும் ஜெட் பம்பும்

திருகுபோன்ற ரோட்டர் ரப்பர் ஸ்டேட்டருக்குள் சுழலும் பி.சி.பி., கெட்டியான திரவத்துக்கும் மணலுக்கும் இயல்பாகப் பொருந்துவது. பெலிக்கன் லேக்கிலும் டாச்சிங்கிலும் இதை நிறையப் பயன்படுத்துகிறார்கள். சூடான மோட்டார் அடியில் இல்லை என்பதே பாலிமர் கிணற்றில் இதன் பெரிய பலம். பலவீனம் ரப்பர். இறக்கும் முன் அந்தக் கிணற்று எண்ணெயில், கிணற்று வெப்பநிலையில் ரப்பர்த் துண்டை ஊறவைத்து, எவ்வளவு ஊதுகிறது என்று பார்த்து ரோட்டர் அளவைத் தேர்ந்தெடுங்கள். வறண்டு ஓடினால் சில நிமிடங்களில் ரப்பர் கருகிவிடும். திரவ மட்டத்தைக் கண்காணிக்காமல் ஆர்பிஎம்மை ஏற்றக் கூடாது. டார்க் படிப்படியாக ஏறினால் படிவு அல்லது ரப்பர் வீக்கம். ஏறி இறங்கித் துள்ளினால் மணல்.

ஜெட் பம்ப், மேலிருந்து செலுத்தும் நீரை நாஸில் வழியே பீய்ச்சி எண்ணெயை இழுத்து வரும்; அதில் அசையும் பாகமே கிடையாது. நாஸிலும் தொண்டையும் தேய்ந்தால் ரிக் (பம்பைத் தூக்கும் கோபுர இயந்திரம்) இல்லாமலே மாற்றலாம். ஆனால் செலுத்தும் நீரிலேயே பாலிமர் திரும்பி வந்தால், அதைச் சூடேற்றும் ஹீட்டர் அடைபடும். சிக்கல் கிணற்றிலிருந்து மேற்பரப்புக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆறாம் படி: கழுவுவதற்கு முன் படிவைச் சோதியுங்கள்

பாட்டிலில் எடுத்து வைத்த படிவை உலர்த்தி எடைபோட்டு மூன்று பங்காக்குங்கள். ஒன்றை சைலீனிலும், ஒன்றை நீர்த்த ஹைப்போகுளோரைட்டிலும், ஒன்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் போட்டுக் கரைந்த எடையைப் பாருங்கள். சைலீனில் போவது மெழுகு, ஹைப்போகுளோரைட்டில் போவது பாலிமர், அமிலத்தில் போவது கார்பனேட்டும் இரும்பு சல்ஃபைடும். சல்ஃபைடு இருந்தால் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். உயிரைக் குடிக்கும் வாயு அது. புகைக் கூண்டுக்குள் தவிர வேறெங்கும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

கிணற்றைக் கழுவும்போது வரிசை முக்கியம்: முதலில் மெழுகு, அடுத்து பாலிமர், கடைசியில் உப்பு. நேராக அமிலத்தை ஊற்றினால், மேலே மூடியிருக்கும் மெழுகும் பாலிமரும் அதை உள்ளே விடாது. அமிலத்தில் கரைந்த இரும்பு, பாலிமரைப் பின்னிப் பிணைத்து முன்னிலும் மோசமான பிசினாக்கிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் நீர்விட்டு முழுவதும் அலசியாக வேண்டும். சைலீனோ எண்ணெயோ செறிந்த ஆக்சிஜனேற்றியைச் சந்தித்தால் தீப்பிடிக்கும் அபாயம். ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் சந்தித்தால் குளோரின் வாயு. இரண்டும் தளத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து. ஒரே டேங்கரை, ஒரே ஹோஸை இரண்டுக்கும் பயன்படுத்த அனுமதிக்காதீர்கள்.

பி.சி.பி. கிணற்றில் இவற்றை ஊற்றும் முன் ரோட்டரை ஸ்டேட்டருக்கு மேலே தூக்கிவிட்டு, கழுவிய திரவம் ரப்பரில் தங்காமல் அலச வேண்டும். ரப்பருக்கு ஒவ்வாத ரசாயனம் என்றால் கழுவவே வேண்டாம்.

மெழுகு வயலில் இன்னொரு சிக்கல்: மெழுகைக் கரைக்கச் சுடுநீர் விடுவது வழக்கம். ஆனால் கால்சியம் நிறைந்த சுடுநீர், பாலிமரை அங்கேயே பிரித்து ஒட்டவைக்கும். கடினத்தன்மை நீக்கிய நீரைப் பயன்படுத்துங்கள். வெப்பநிலையை மெழுகு உருகும் அளவுக்கு மேலும், மங்கல் வெப்பநிலைக்குக் கீழும் வையுங்கள். இரண்டுக்கும் இடையே இடமில்லை என்றால் சுடுநீரைக் கைவிட்டுக் கரைப்பானுக்குப் போவதுதான் வழி.

ஏழாம் படி: வெளியே வந்த பம்பைப் பிரித்துப் பார்த்து, கணக்கைச் சரியாக வையுங்கள்

ரிக் பம்பை மேலே எடுக்கும்போது நீங்கள் தளத்தில் இருக்க வேண்டும். கழுவுவதற்கு முன் மோட்டார், இன்டேக், செக் வால்வு ஆகியவற்றைப் படமெடுங்கள். படிவின் தடிமனை ஒவ்வொரு மீட்டரிலும் அளந்து எழுதுங்கள். யார்டில் ஸ்டீம் அடித்த பிறகு பார்த்தால் சான்று எதுவும் மிஞ்சாது. பிரிக்கும்போது முதலில் கெட்டது எது, அதன் விளைவாகக் கெட்டது எது என்று தனித்தனியாக எழுதுங்கள். "மோட்டார் எரிந்தது" என்பது காரணமாகாது. தோலில் படிவா, சீல் வழியே நீர் புகுந்ததா, கேபிள் இணைப்பா என்பதே அடுத்த வடிவமைப்பை மாற்றும்.

ஆயுட்காலக் கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறு, வெளியே எடுத்த பம்புகளின் நாட்களை மட்டும் கூட்டிச் சராசரி எடுப்பது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளின் நாட்களும் சேர வேண்டும். 40 பம்புகள் ஓராண்டில் நின்ற நாட்கள் இல்லாமல் ஓடினால் 14,600 பம்ப்-நாள். அந்த ஆண்டில் 20 பழுது என்றால், ஒரு பழுதுக்கு 730 நாள். இதையே பாலிமர் செறிவு வாரியாகப் பிரித்துப் போடுங்கள்: பாலிமர் வராத கிணறுகள் தனி, 200 பிபிஎம் வரை தனி, அதற்கு மேல் தனி. முதல் 90 நாளில் போனவற்றையும் தனியாக வையுங்கள். அவற்றில் பெரும்பாலானவை இறக்கும்போது நேர்ந்த கோளாறுகள், பாலிமருக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இருக்காது. இப்படிப் பிரித்த பிறகும் செறிவு கூடக்கூட ஆயுள் குறைவது தெரிந்தால், இ.எஸ்.பி.யை பி.சி.பி.யாக மாற்றுவதா, மோட்டாரைப் பெரிதாக்குவதா, மாதாந்தரக் கழுவலுக்குப் பணம் ஒதுக்குவதா என்ற பேச்சை அந்த எண்ணோடு தொடங்கலாம்.